யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?

எஸ்.யூ.வி. வைத்திருப்பவனை யாரும் "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பதில்லை. "எவ்வளவு கொடுக்குது?" என்றுதான் கேட்பார்கள். ஏதோ கொல்லைப்புறத்தில் கறவை மாடு கட்டியிருப்பதுபோல! "எட்டு" என்று உண்மையைச் சொல்லிவிட்டால் போச்சு. துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, "மாத்திடுங்க சார், இப்ப வர்றதெல்லாம் இருபது கொடுக்குது" என்பார்கள். மைல் கணக்கு நாட்டை விட்டுப் போய் அறுபது வருஷமாச்சு. மைலேஜ் மட்டும் போகவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது 2012 மாடல் டீசல் வண்டி. 2.2 லிட்டர் இன்ஜின், ஏழு பேர் உட்காரலாம். கம்பெனி பெயர் வேண்டாம். வீட்டில் வைத்த பெயர் ஐராவதம். வெள்ளை நிறம், பருத்த உடம்பு, மயிலாப்பூர் மாட வீதியில் திரும்பினால் ஜனங்கள் ஒதுங்கி நின்று தரிசிப்பார்கள். பெயர் பொருத்தம் பத்துக்குப் பத்து. அப்பா பாங்கிலிருந்து ரிடையர் ஆனபோது கைக்கு வந்த பணத்தில் வாங்கியது.

2012-ல் டீசல் வண்டி வாங்கியவரைப் புத்திசாலி என்றுதான் ஊர் சொல்லியது. அந்த வருஷம் மே மாதம் பெட்ரோல் ஒரே ராத்திரியில் ஏழரை ரூபாய் ஏறியது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லேயே போய்விட்டது. டீசல் மட்டும் அரசாங்கத்தின் செல்லப்பிள்ளையாக இருந்தது. இரண்டுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! 2014 அக்டோபரில் டீசலுக்கும் கட்டுப்பாடு போனது. 2024 மார்ச்சில் விலையை 2 ரூபாய் குறைத்தபோது, சென்னையில் பெட்ரோல் கிட்டத்தட்ட 101, டீசல் 92 ரூபாய் சொச்சம். 30 ரூபாய் வித்தியாசம் எட்டரை ரூபாயாக இளைத்துவிட்டது. யானை அதே யானைதான். தீனி விலைதான் வேறு.

அதனால் வீட்டில் மாநாடு கூடியது.

அடையாறிலிருந்து மச்சான் வந்திருந்தான். சாஃப்ட்வேர் ஆசாமி. "மாமா, 2025 செப்டம்பர்லேயே ஜி.எஸ்.டி. குறைச்சுட்டாங்க. 4 மீட்டருக்குள்ள நீளம், 1,200 சி.சி.க்குள்ள பெட்ரோல் இன்ஜின்னா 18 சதவீதம்தான். இப்ப மாத்தலேன்னா எப்ப மாத்துவீங்க?"

"வண்டிக்கு என்னடா குறை? நல்லாத்தானே ஓடுது?" - இது அப்பா.

"ஓடுது மாமா, பெட்ரோல் பங்க் வரைக்கும்" - இது என் சகதர்மிணி.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அப்பா கண்ணாடியைத் துடைத்தபடி, "சரி, மாத்தறதுன்னா மாத்திடுங்க. என் எஃப்.டி. அடுத்த மாசம் முடியுது. அதை எடுத்துக்கோ" என்றார்.

எல்லோரும் சற்று நேரம் பேசவில்லை. ஏனென்றால் அந்த எஃப்.டி.யின் வட்டியில்தான் அப்பாவுக்கு சுகர் மாத்திரை, அம்மாவுக்கு முழங்கால் பிசியோதெரபி எல்லாம் நடக்கிறது. நாளைக்கு ஓர் ஆஸ்பத்திரி செலவு என்று வந்தால், எங்களுக்கும் நிலைகுலைவுக்கும் நடுவில் நிற்கிற ஒரே சுவர் அது. அதை உடைத்து வண்டி வாங்குவதா? கேள்வி மைலேஜிலிருந்து வேறு எங்கோ போய்விட்டது.

பி.காம். படித்ததற்கு இதுவரை பெரிய உபயோகம் இருந்ததில்லை. ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

தி.நகரில் விலை கேட்ட கதை

கணக்குக்கு முதலில் எண்கள் வேண்டுமே? தி.நகரில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். ஏ.சி., காபி, டை கட்டிய இளைஞர். வண்டியின் மேலே திறக்கிற ஜன்னலைத்தான் முதலில் காட்டினார். சன்ரூஃப்! சென்னையில் சூரியனை உள்ளே விடுவதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டேன். சிரித்தார். குறைக்கவில்லை.

ஷோரூம் விலை 10 லட்சத்து 60 ஆயிரம். அதற்குமேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி. 2023 நவம்பரில் உயர்த்திய கணக்குப்படி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். கவனியுங்கள், 10 லட்சத்துக்கு ஒரு ரூபாய் கூடினால் வரி ஏறக்குறைய 50 ஆயிரம் கூடும்! வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க முடியுமா என்று முதலில் பார்ப்பது நல்லது. நாங்கள் பார்த்த வண்டிக்கு வரி 1,90,800. இன்ஷூரன்ஸ், பதிவு, இத்யாதி 49,200. ஆக மொத்தம் 13 லட்சம்.

அடுத்து ஐராவதத்தை மதிப்பிட ஒருவர் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்ப்பதுபோல சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் தட்டினார். பெருமூச்சு விட்டார். டயரைப் பார்த்தார். மறுபடி பெருமூச்சு. "ரெண்டரை போடலாம் சார்."

13 லட்சத்தில் ரெண்டரை போனால் பத்தரை லட்சம். அப்பாவின் எஃப்.டி.யும் ஏறக்குறைய அவ்வளவுதான். கடவுள் கணக்கில் கெட்டிக்காரர்.

யாரும் கேட்காத எண்

மைலேஜைப் பற்றி ஊரே கேட்கிறது. "வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டறீங்க?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. சர்வீஸ் பில்களை எடுத்து மீட்டர் எண்களைக் கழித்துப் பார்த்தேன். எங்கள் வண்டி வருஷத்துக்கு ஓடுவது 6,000 கிலோமீட்டர். ஆபீசுக்கு நான் பைக்கில் போகிறேன். லஸ், பாண்டி பஜார், அடையாறு உறவினர் வீடு, வருஷத்துக்கு மூன்று தடவை கும்பகோணம். அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. டீசல் 92.50, பெட்ரோல் 101 என்று வைத்துக்கொள்வோம்.

ஐராவதம்: லிட்டருக்கு 8 கிலோமீட்டர். வருஷத்துக்கு 750 லிட்டர். 69,375 ரூபாய்.

புது வண்டி: விளம்பரத்தில் சொல்கிற எண் பரிசோதனைச்சாலையில் எடுத்தது. அங்கே லஸ் கார்னர் சிக்னல் கிடையாது, மாடு கிடையாது, மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்பு கிடையாது. ஆகவே நம்ம ஊர் கணக்காக 14 போட்டேன். 429 லிட்டர். 43,286 ரூபாய்.

மிச்சம் வருஷத்துக்கு 26,089. பத்தரை லட்சம் முதலீடு அதில் திரும்பி வர 40 வருஷம். எனக்கு இப்போது 36. எழுபத்தாறாவது வயதில் லாபம் பார்க்க ஆரம்பிப்பேன்.

அதோடு விட்டால் பரவாயில்லை. எஃப்.டி.க்கு 7 சதவீத வட்டி என்றால் பத்தரை லட்சத்துக்கு வருஷம் 73,500. அதாவது ஐராவதம் வருஷம் முழுக்க வயிறு முட்டக் குடிக்கிற டீசலைவிட அதிகம்! 73,500 வருமானத்தைத் தியாகம் செய்து 26,089 மிச்சம் பிடிக்கிற திட்டத்துக்குத்தான் எங்கள் வீட்டில் சிக்கனம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எஃப்.டி.யை விடுங்க, லோன் போடலாம்" என்றான் மச்சான். போடலாம். 10 லட்சம், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை 20,758. வட்டி மட்டும் சுமார் இரண்டரை லட்சம். எரிபொருளில் மாதம் மிச்சமாவது 2,174. ஒரு கையில் ரெண்டாயிரம் வாங்கி, மறு கையில் இருபதாயிரம் கொடுப்பது!

நியாயத்துக்கு, புது வண்டி பக்கம் பேசுகிற எண்களையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிக்கு ரிப்பேர் செலவு அதிகம். வருஷம் ஒரு 20,000 வித்தியாசம் வைக்கலாம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியம், 2022 ஜூனில் நிர்ணயித்தபடி, 1,500 சி.சி.க்கு மேல் 7,897 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416. அதில் ஒரு 4,481 மிச்சம். எல்லாம் கூட்டினாலும் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் சொச்சம்தான். இதற்கு எதிரே தேய்மானம் என்று ஒரு பூதம் உட்கார்ந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்களின் அட்டவணைப்படி ஐந்தாவது வருஷத்தில் வண்டியின் மதிப்பில் பாதி போய்விடும். எங்கள் கணக்கில் 5 லட்சத்து 30 ஆயிரம். வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல், வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும். ஐராவதம் கரைய வேண்டியதெல்லாம் கரைந்து முடித்துவிட்டது.

பாய் சொன்ன வைத்தியம்

"மாத்தறதுக்கு முன்னாடி பாய்கிட்ட ஒரு தரம் காட்டிடு" என்றார் அப்பா. மந்தைவெளியில் ஒரு சின்ன ஷெட். பாய் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"தம்பி, வண்டி குடிக்கல. யாரோ பின்னாலேர்ந்து பிடிச்சு இழுக்கறாங்க."

பின் சக்கரத்தில் பிரேக் முழுசாக விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏர் ஃபில்டரில் மெட்ரோ வேலைத் தூசு கால் கிலோ. இன்ஜெக்டர் சுத்தம் செய்தார். டயர்களில் காற்றைச் சரியான அளவுக்கு ஏற்றினார். பில் 18,400.

பிறகு மைலேஜை மறுபடி அளந்தோம். அதற்கு டாஷ்போர்டு காட்டுகிற எண்ணை நம்ப வேண்டாம். டாங்கை நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் நிறுத்தி, மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு 400 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, முடிந்தால் அதே பங்கில், அதே மாதிரி நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். இரண்டு தடவை செய்தோம். ஐராவதம் 10-ஐத் தொட்டது.

"எட்டிலேர்ந்து பத்து, ரெண்டுதானே?" என்றான் மச்சான். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

6,000 கிலோமீட்டருக்கு 8 என்றால் 750 லிட்டர், 10 என்றால் 600 லிட்டர். 150 லிட்டர் மிச்சம். ஆனால் 15 கொடுக்கிற வண்டியை விற்று 20 கொடுக்கிற வண்டி வாங்கினால்? 400 லிட்டர் 300 ஆகும். மிச்சம் 100 தான். அங்கே ஐந்து கிலோமீட்டர் ஏறியும் நூறு. இங்கே இரண்டே கிலோமீட்டர் ஏறி நூற்றைம்பது! அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சால் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2008-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் இதை எழுதி, மைலேஜ் மாயை என்ற அர்த்தத்தில் தலைப்பும் வைத்தார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதைவிட, 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்தால் மாயை விலகும். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால், ரொம்ப மோசமாகக் குடிப்பதை முதலில் கவனியுங்கள் என்பதும் இதிலிருந்து வருகிற பாடம்.

ரூபாயில் சொன்னால், பாயின் வைத்தியத்தில் வருஷம் மிச்சம் 13,875. பில் பதினாறு மாசத்தில் திரும்பிவிடும். இப்போது ஐராவதத்தின் டீசல் செலவு 55,500. புது வண்டி வாங்கினால் மேற்கொண்டு மிச்சமாவது 12,214 தான். 40 வருஷக் கணக்கு 86 வருஷம் ஆகிவிட்டது. லாபம் பார்க்க 122 வயது வரை இருக்க வேண்டும். அதற்கு மாத்திரைச் செலவு வேறு.

அமெரிக்காவில் நடந்த யானை வதம்

இதே கேள்வியை அமெரிக்க அரசாங்கமே 2009-ல் கேட்டது. பொருளாதாரம் படுத்துக் கிடந்த சமயம். பழைய பெட்ரோல் குடிகார வண்டியைக் கொடுத்துவிட்டுச் சிக்கனமான புது வண்டி வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். முதலில் ஒதுக்கிய 100 கோடி டாலர் சில நாளிலேயே காலி. மேலும் 200 கோடி ஒதுக்கினார்கள். சுமார் 6 லட்சத்து 77 ஆயிரம் வண்டிகள் கைமாறின. அதிகம் வந்து விழுந்தது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்.யூ.வி. ஜனங்கள் அதிகம் வாங்கிப் போனது டொயோட்டா கரோலா.

பழைய வண்டி மறுபடி ரோட்டுக்கு வந்துவிடக் கூடாதே! இன்ஜினில் ஆயிலை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இன்ஜின் இறுகிச் சாகும்வரை ஓட விட்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகள்கூட இப்படிப் போயின. கொடுத்த வண்டிகளின் சராசரி, நம் கணக்கில் லிட்டருக்கு 6.7 கிலோமீட்டர். வாங்கிய புது வண்டிகள் 10.6. அதாவது அமெரிக்கா 300 கோடி டாலர் செலவு செய்து எட்டிய இடத்துக்கு, பாய் எங்களை 18,400 ரூபாயில் கொண்டுபோய் விட்டார்!

யார் மாற்ற வேண்டும்?

அதற்காக யாருமே மாற்றாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. என் சிநேகிதர் ஒருவர் அடையாறிலிருந்து ஒரகடத்துக்குத் தினம் தன் பழைய டீசல் வண்டியில் போய் வருகிறார். மாசம் 2,500 கிலோமீட்டர். வருஷம் 30,000. லிட்டருக்கு 10 என்றால் அவருடைய டீசல் செலவு 2,77,500. லிட்டருக்கு 20 கொடுக்கிற ஹைப்ரிட் வண்டி என்றால் 1,51,500. மாசத்துக்கு 10,500 ரூபாய் மிச்சம்! வண்டி விலை அதிகம்தான், ஆனால் தவணையில் பெரும் பங்கை எரிபொருளே கட்டும். அவர் மாற்ற வேண்டியவர். அதே வண்டியை நான் வாங்கினால் மிச்சம் மாசத்துக்கு 2,100. வண்டி ஒன்று, மைலேஜ் ஒன்று, பலன் வேறு. வித்தியாசம் ஓடுகிற தூரத்தில்.

புது டீசல் வாங்கலாமே என்று தோன்றும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி வந்துவிட்டது. அது சேர்த்த கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, அவ்வப்போது நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் ஓட்டம் வேண்டும். மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு ஊர்ந்து போய் ஊர்ந்து வருகிறவனுக்கு அது சரிப்படாது, அடைத்துக்கொள்ளும். பெட்ரோலிலும் ஒரு சின்னக் கழிவு உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், ஓட்டுகிற செலவும் குறைவு. ஆனால் ராத்திரி சார்ஜ் போட நமக்கென்று ஓர் இடம் வேண்டும். எங்கள் சந்தில் சைக்கிளுக்கே சண்டை.

பணக் கணக்கில் வராத காரணங்களும் இருக்கின்றன. புகை ஒன்று. பி.எஸ். 4 டீசல் காருக்கு அனுமதித்த கரித்துகள் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம். பி.எஸ். 6-ல் 4.5 தான். சிக்னலில் நமக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நிற்கிற குழந்தைக்கு இந்த வித்தியாசம் தெரியும். பாதுகாப்பு இன்னொன்று. எங்கள் வண்டியில் முன்னால் 2 ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உண்டு, அப்பா மேல் ரகமாகப் பார்த்து வாங்கியதால். உங்கள் பழைய வண்டியில் அதுவும் இல்லையென்றால் கணக்கு நோட்டை மூடிவிடுங்கள். மாற்ற அதுவே போதுமான காரணம்.

வெள்ளத்துக்குப் பெரிய வண்டிதான் லாயக்கு என்று ஒரு கட்சி உண்டு. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்துகிறோம். ஆனால் தரையிலிருந்து உயரம் என்று பார்த்தால் புதிய குட்டி எஸ்.யூ.வி.க்களில் பலவும் 190, 200 மில்லிமீட்டர் வைத்திருக்கின்றன. எந்த வண்டியானாலும் தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். அப்படிச் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

அம்மாவின் ஸ்டூல்

கணக்கை முடித்து வெற்றி வீரனாக நோட்டை மனைவியிடம் நீட்டினேன். அவள் பார்க்கவே இல்லை.

"மைலேஜெல்லாம் யாருக்குங்க வேணும்? அத்தைக்கு இந்த வண்டியில ஏற முடியல. அதை உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. மாமா ஆசையா வாங்கின வண்டியாச்சே!"

அப்போதுதான் வண்டியின் பின்னால் கிடக்கிற சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் என் நினைவுக்கு வந்தது. அம்மா அதை வைத்து ஏறுவாள். தி.நகரில் கடை வாசலில் நாலு பேர் பார்க்க ஸ்டூல் போட்டு ஏறுவதற்குக் கூச்சம். கொஞ்ச நாளாகவே, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்கிறாளே, அது இதனால்தானா! அடையாறில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய் ஆறு மாசம் ஆகிறது.

மைலேஜ் என்ற பெயரில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அம்மாவின் முழங்காலைப் பற்றி. அதற்குப் பத்தரை லட்சம் தேவையா என்பது வேறு கணக்கு. ஜி.பி. ரோட்டில் பக்கவாட்டில் கால் வைத்து ஏறுகிற படியும் கைப்பிடியும் வாங்கிப் பொருத்தினோம். 3,800 ரூபாய். உள்ளூரில் தனியாகப் போக மாசம் ஆயிரம் ரூபாய் அம்மாவின் ஆட்டோ செலவு என்று எடுத்து வைத்தோம். புது வண்டி வாங்கினால் எரிபொருளில் மிச்சமாகும் என்று பார்த்த அதே ஆயிரம்தான்.

ஐராவதத்தின் ஆர்.சி.க்கு 15 வருஷ ஆயுள். 2027-ல் முடிகிறது. அதற்குப் பிறகு தகுதிச் சோதனை செய்து 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். பசுமை வரி தனி. டில்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2018-ல் சுப்ரீம் கோர்ட் உறுதிசெய்த தடை, 2025-ல் தளர்ந்தது. அந்த மாதிரித் தடை சென்னைக்கு வரவில்லை. அதற்குள் மாசம் பத்தாயிரம் ஆர்.டி. கட்டிவருவது என்று முடிவு. அந்தப் பணத்தில் கொள்கிற அளவுக்கு, அம்மா சிரமமில்லாமல் ஏறுகிற உயரத்தில், கைமாறிய சின்ன வண்டி ஒன்று அப்போது பார்க்கலாம்.

நீங்கள் விற்பதாக இருந்தால் ஒரு வார்த்தை. பணம் வாங்கினோம், சாவி கொடுத்தோம் என்று வந்துவிடாதீர்கள். ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் மாறும்வரை சட்டப்படி நீங்கள்தான் சொந்தக்காரர். வண்டி கைமாறிய பிறகு விபத்து நடந்தாலும் பதிவில் பெயர் உள்ளவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதேபோல, கிளெய்ம் செய்யாததற்காகச் சேர்ந்த போனஸ் தள்ளுபடி உங்களுடையது, வண்டியுடையது அல்ல. சான்று வாங்கிக்கொண்டால் புது வண்டிக்கு உபயோகப்படும்.

மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிப் பாருங்கள். வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? டாங்க் நிரப்பி அளந்த நிஜ மைலேஜ் என்ன? மாற்றக் கொடுக்கிற பணம் சும்மா இருந்தால் என்ன சம்பாதிக்கும்? நான்காவதுதான் முக்கியம்: மாற்ற வேண்டும் என்று தோன்றுவதற்கு உண்மையான காரணம் என்ன? பாதுகாப்பா, பெரியவர்களின் உடம்பா, பார்க்கிங்கா, இல்லை, எதிர் வீட்டில் புது வண்டி வந்துவிட்டதா? புது வண்டி ஆசைகூடத் தப்பில்லை சார். ஆசைக்கென்று பணம் இருந்தால் ஆசை என்றே சொல்லி வாங்குங்கள். அதைச் சிக்கனம் என்று பெயர் மாற்றி, அப்பாவின் எஃப்.டி.யில் கை வைக்காமல் இருந்தால் சரி.

போன மாசம் அந்த எஃப்.டி.யை மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்தோம். பாங்க் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அப்பா கேட்கவில்லை. ஐராவதத்தைத்தான் எடுக்க வேண்டும் என்றார். புதுப் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, அம்மா தானாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"பாங்க்ல வேலை முடிஞ்சதும் அப்படியே அடையாறு போயிட்டு வந்துடலாமா?" என்றாள்.